விண்ணில் ஒரு சன்னலோரம்

பேருந்தாயினும் தொடர்வண்டியாயினும் சன்னலோர இருக்கைக்குப் போட்டியிடாத சிறுவர் உண்டோ? விமானப் பயணத்திலும் அவ்விருக்கையை விரும்பாதார் இலர். ஆயினும் சன்னல் கிடைத்தால் மட்டும் போதாது; எந்தப் பக்கத்துச் சன்னல், எந்த வரிசை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்ற விடுமுறையில் ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு நாங்கள் குடும்பத்தோடு பறந்தபோது இவ்வுண்மையை உணர்ந்தோம்.

எங்களுடன் வந்த பாட்டியார், தெலுக் இந்தானுக்கு அருகே பேராக் ஆற்றோரத் தோட்டமொன்றில் பிறந்தவர்; முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர்தம் பெற்றோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இன்று அத்தோட்டத்தில் இரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. லயங்களும் இடிக்கப்பட்டுச் செம்பனைக் காடாகிவிட்டது. "மேலேயிருந்து பார்த்தா நம்ம தோட்டம் தெரியுமா?" என்பதே பயணம் உறுதியான நாள் முதல் அவர் கேட்டுவந்த கேள்வி. அதற்கு விடை தேடி நாங்கள் நிலப்படத்தை விரித்தோம்.

ஈப்போவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு இடக்கைப் பக்கம் கிழக்கு. அங்கே தித்திவங்சா மலைத்தொடர் உள்ளது. வலக்கைப் பக்கம் மேற்கு. அங்கே சமவெளியும், பேராக் ஆறும், மலாக்கா நீரிணையும் உள்ளன. மலைக்காட்சியை விரும்புவோர் இடப்புறமும், ஆற்றையும் கடலையும் விரும்புவோர் வலப்புறமும் அமர்தல் நன்று. திரும்பி வருங்கால் இது தலைகீழாகும். வரிசைக்கு ஆறு இருக்கைகள் கொண்ட விமானத்தில் 'ஏ' என்பது இடக்கோடி. 'எஃப்' என்பது வலக்கோடி.

அடுத்து, கதிரவனைக் கருத வேண்டும். காலையில் கிழக்குச் சன்னலில் கண் கூசும். மேற்கே நிலம் ஒளிபெற்றுத் தெளிவாய்த் தோன்றும். மாலையில் இதற்கு மாறாக அமையும். நம் நாட்டில் பிற்பகலில் இடிமேகங்கள் திரள்வது வழக்கமாதலால், காலைப் பயணமே காட்சிக்கு ஏற்றது. மூன்றாவது, இறக்கை. இறக்கைக்கு மேலுள்ள வரிசைகளில் அமர்ந்தால் நிலத்தை அது மறைத்துவிடும். பின்வரிசைகளில் எஞ்சினின் வெப்பக் காற்றால் காட்சி கலங்கலாம். ஆகவே இறக்கைக்கு முன்புறமே சிறந்தது. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, காலை விமானத்தில், இறக்கைக்கு முன்னே, வலக்கோடி இருக்கையைப் பாட்டியாருக்குப் பெற்றோம்.

விமானம் எழுந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் கீழே தாழ்ந்தன. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின. பின்னர் வரிசை வரிசையாகச் செம்பனை. எது எந்தத் தோட்டமென்று பிரித்தறிய இயலவில்லை. பாட்டியார் பேசாதிருந்தார். எங்கள் உள்ளமும் சோர்ந்தது. அவ்வேளையில் தொலைவில், பாம்புபோல் வளைந்து நெளிந்து கடலை நோக்கிச் செல்லும் பேராக் ஆறு தென்பட்டது.

பாட்டியார் சன்னலில் விரலை வைத்து அவ்வளைவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். "மரம் போச்சு, லயம் போச்சு. ஆறு அங்கேயேதான் இருக்குதய்யா! அந்த வளைவுக்கு இந்தப் பக்கந்தான் நாங்க இருந்தோம்" என்றார். அவர் விழிகள் கலங்கின, முகமோ மலர்ந்தது.

சிறிது நேரத்தில் வெண்மேகங்கள் நிலத்தை மூடின. அம்மேகத்தின்மீது எங்கள் விமானத்தின் நிழலும், அதனைச் சுற்றி வண்ண வளையமும் தோன்றக் கண்டு தம்பி துள்ளினான். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் கதிரொளியைத் திருப்பி அனுப்புவதால் உண்டாவது அது. கதிரவனுக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்தோரே அதனைக் காண்பர்.

மாணவச் செல்வங்களே! விமானம் ஏறும் வாய்ப்பு என்றேனும் உங்களுக்கும் வரும். அதற்கு முன்பே நிலப்படத்தைப் பார்க்கப் பழகுங்கள். உங்கள் தாத்தா பாட்டியர் பிறந்த தோட்டம் எது, எந்த ஆற்றின் கரையில் இருந்தது என்று கேட்டு, அதில் குறித்து வையுங்கள். தோட்டத்தின் பெயர் மறையலாம், மரங்களும் மாறலாம். இடத்தை அறிந்தவர்க்கே சன்னல் காட்சி தரும்.