சத்தம்தான் கூட இருந்தது

நான் கட்டிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் நம்பித்தான் சொன்னேன். அப்புறம் அது உண்மையில்லை என்று எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் சொன்னேன், ஒரு பையனிடம் அதற்குக் காசும் வாங்கினேன். நம்பிச் சொன்னதை யாரும் மன்னித்துவிடலாம். ஆசை கண்ணை மட்டுமல்ல, காதையும் மறைக்கும். தெரிந்தே சொன்னதற்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்த சர்க்யூட்டின் பெயர் சீமாய். சூ மோய் என்பவர் 1990களின் கடைசியில் வரைந்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டது. அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெபாசிட்டர், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதை ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் அடக்குவது ஒரு சம்பிரதாயம். எனக்குக் கிடைத்தது பரணில் கிடந்த ஜியோமெட்ரி பாக்ஸ். சட்டைப் பையில் கொள்ளாது, ஆனால் தகரம். கையில் எடுத்துப் போகிற ஆம்ப்ளிஃபயருக்குத் தகரம் ரொம்ப முக்கியம். 2ஜி போன் காலத்தில் அழைப்பு வருவதற்கு முன்பே ஸ்பீக்கரில் ஒரு 'டிட்டிடிட்' கேட்குமே, போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலை அனுப்புவதால் வந்த சத்தம் அது. மூடிய தகரப் பெட்டி அதை வெளியிலேயே பெரும்பாலும் நிறுத்திவிடும். பெயின்ட்டை பிளேடால் சுரண்டி கிரவுண்டு ஒயரைப் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். போர்டின் அடிப்பக்கம் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகாமல் இருக்க ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டி உள்ளே போட்டேன்.

இந்த சர்க்யூட்டில் என்னை மயக்கியது அதன் நடுப்புள்ளி. இந்த ஐ.சி.க்கு ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ், நடுவில் பூஜ்யம் இருந்தால் சௌகரியம். கையில் இருப்பதோ ஒரே பேட்டரி. இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டு, அவை சேரும் இடத்தில் ஒயர் எடுத்தால் அங்கே 4.5 வோல்ட் இருக்கும். அதையே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் மேலே 4.5, கீழே 4.5. ஆளுக்கொரு 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் காவல் இருக்கும். இல்லாத ஒரு பூஜ்யத்தை இருப்பதாக வைத்துக்கொண்டு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இந்தத் தந்திரம் விளங்கிய அன்றைக்கு நான் என்னை ஒரு இன்ஜினியராகவே நினைத்துக்கொண்டேன். நான் படித்தது பி.காம்.

பாகங்களுக்கு ரிச்சி தெரு. கடையில் ஓபிஏ2134 கேட்டேன். பர்-பிரவுன் நிறுவனத்தின் ஐ.சி. அது, 2000இல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிவிட்டாலும், பித்துப் பிடித்தவர்கள் வாயில் இன்னும் பர்-பிரவுன்தான். கடைக்காரர் ரேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "4558 தரேன் சார். அதே எட்டுக் கால்தான். சவுண்டு வரும்" என்றார். ஹார்மோனியம் கேட்டவனிடம் ஊதல் நீட்டியது போல அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன். ஐ.சி.யைத் தபாலில் வரவழைத்தேன்.

கட்டி முடித்த ராத்திரியை இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஹெட்போனை மாட்டுவதற்கு முன் மீட்டரை ஜாக்கில் வைத்துப் பார்த்தேன், டி.சி. வோல்டேஜ் ஏதும் கசிகிறதா என்று. கசிந்தால் ஹெட்போனின் காயில் காலி. சில மில்லிவோல்ட்தான் காட்டியது. எல்.இ.டி. பச்சையாக எரிந்தது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' போட்டேன். 1986இல் வந்த இசைத்தொகுப்பு, வயலின் வி.எஸ். நரசிம்மன். வில் நரம்பில் படும் அந்தச் சொரசொரப்பு தனியாகக் கேட்டது. இதற்கு முன் கேட்டதே இல்லை என்று தோன்றியது. என் போனில் இருந்தது 128 கேபிபிஎஸ் எம்.பி.3 என்பதோ, எம்.பி.3 ஆக்கும்போதே பல நுணுக்கங்களைக் கழித்துக் கட்டிவிடுவார்கள் என்பதோ அப்போது நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. கணக்குப் போடத் தெரியாதவனா நான்? என் இயர்போன் 32 ஓம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் அது 100 டெசிபலைத் தாண்டும், அதாவது காதுக்கு ஆகாத சத்தம். 32 ஓமில் ஒரு மில்லிவாட் ஓட 0.18 வோல்ட் போதும். சாதாரண போனின் ஜாக்கே அரை வோல்ட்டாவது தரும். ஆக எனக்கு ஆம்ப்ளிஃபயரே தேவையில்லை. 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 மாதிரி ஒன்றை வைத்திருப்பவருக்கு இது உதவும். அவருக்கு வோல்டேஜ் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. என் காது விசேஷமான காது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். ஆபீசில் பிரமோஷன் பட்டியலில் என் பெயர் வராத வருஷம் அது. இதையும் எழுதத்தான் வேண்டும், பிடிக்கவில்லை.

தேவையில்லாத இடத்தில் 11 மடங்கு பெருக்கினால் என்ன ஆகும்? வால்யூம் குமிழைத் தொடக்கத்திலேயே கொஞ்சமாகத் திருப்பி நிறுத்த வேண்டியிருக்கும். மலிவான ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோலில் சரியில்லாத இடமே அந்தத் தொடக்கம்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏறாது, ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். என்னுடையதில் இடது பக்கம் முந்தியது. அதனால் பாடுகிறவர் நடுவிலிருந்து ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து நிற்பது போலக் கேட்டது. இந்தக் கோளாறை நான் என்னவென்று சொல்லிக்கொண்டு திரிந்தேன் தெரியுமா? "மேடை தெரியுது. எம்.டி. ராமநாதன் எங்கே உட்கார்ந்திருக்கார், மிருதங்கம் எங்கே இருக்குன்னு கையை நீட்டிக் காட்டலாம்." காட்டவும் செய்தேன், கேன்டீனில், கண்ணை மூடிக்கொண்டு.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பிக்குக் கேட்கக் கொடுத்தேன். முதலில் போனில் நேராக, பிறகு என் பெட்டி வழியாக. நல்ல பையன், மனசில் பட்டதை அப்படியே சொல்கிற வயசு.

"அண்ணா, சத்தம் கூட இருக்குண்ணா."

"சத்தத்தை விடு. வேற என்ன தெரியுது?"

"அவ்ளோதாண்ணா. சத்தம்தான் கூட இருக்கு."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரே பாட்டை அரை டெசிபல், ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் காது அதைச் 'சத்தம்' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ஆடியோ கடைகளில் விற்கத் தெரிந்தவர்களுக்கு இது பழைய வித்தை. அந்த வித்தைக்கே ஏமாறாமல் நின்றது அவன் காது. நான் என்ன சொன்னேன்? "சத்தத்தைக் கேக்காதப்பா. சத்தத்துக்கு நடுவுல இருக்கிற அமைதியைக் கேளு. காது பழகணும்." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவன் முகம் சுருங்கியது. இன்னொரு முறை கேட்டான். "ஆமாண்ணா, இப்ப லேசா தெரியுது" என்றான்.

அந்தச் சமயத்தில்தான், 2011இல், பெயரை வெளியில் சொல்லாத ஒரு இன்ஜினியர் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து அளவுகளோடு வெளியிட்டார். காதால் கேட்டுச் சொல்கிறேன் என்பவர்களை அவர் விடவில்லை. சத்தத்தைச் சமமாக்கு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேள், அப்புறம் பேசு என்றார். அடுத்த வருஷமே சுவடில்லாமல் மறைந்துவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இசை தெரியாத மீட்டர்காரன் என்று திட்டினேன். அவர் இருந்த இடத்தில் அவருக்கு இசை தெரியுமா தெரியாதா என்று நான் எங்கே கண்டேன்?

கோபம் கொஞ்சம் தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வாயை அடைக்கலாம் என்றுதான் அந்தச் சோதனையில் இறங்கினேன். போனிலிருந்து வருவதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகவும் ஒன்றை ஆம்ப்ளிஃபயர் வழியாகவும் ஒரு டாகிள் சுவிட்சுக்குக் கொண்டுவந்தேன். சத்தத்தைச் சமமாக்க மீட்டர் வேண்டும். வீட்டில் இருந்த மஞ்சள் மீட்டரில் ஏ.சி. அளவு 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கிறது; வீட்டுப் பிளக்குக்கு ஆகும், காது கேட்கிற மில்லிவோல்ட்டுக்கு ஆகாது. தெரிந்த ஒருவரிடம் நல்ல மீட்டர் இரவல் வாங்கினேன். 200 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு இடது பக்கம் அளந்தேன், வலது பக்கம் அளந்தேன். என் மேடை அங்கேயே சரிந்துவிட்டது. இரண்டு எண்ணும் பக்கத்தில்கூட இல்லை.

அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் விடவில்லை. பெருக்கத்தைத் தீர்மானிக்கிற 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போட்டேன். பெருக்கம் இரண்டு மடங்காகக் குறைந்தது, குமிழ் பாதிக்கு மேல் போனது, இரண்டு பக்கமும் ஒன்றாயின. நேர்வழிக்கும் ஆம்ப்ளிஃபயர் வழிக்கும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குக்கு வரும்வரை சரிசெய்தேன், அதாவது 0.1 டெசிபல்.

சுவிட்சை என் மனைவி பிடித்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, "இப்ப எதுங்க?" என்பாள். நான் பதில் சொல்வேன். முதல் இரண்டு பதிலை நிச்சயமாகச் சொன்னேன். பிறகு நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வயலின் சொரசொரப்பைத் தேடினேன். அது இரண்டிலும் இருந்தது. கடைசியில் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்த மாதிரிச் சோதனையில் 16க்கு 12 சரியாக வந்தால்தான் குருட்டாம்போக்கு இல்லை என்று ஒத்துக்கொள்வார்கள். அவள் காகிதத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பாதி சரி, பாதி தப்பு. பாஸ் மார்க்குக்கு மேலதான் இருக்கு" என்றாள். கிண்டல் இல்லை, பாவம், நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னாள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான் வந்திருக்கும்.

"இந்த சுவிட்ச் சரியில்லை. மட்டமான சுவிட்ச், சவுண்டைக் கெடுக்குது" என்றேன்.

ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை வைத்துச் செய்த சோதனையை 1994இல் வெளியிட்டார்கள். எந்த ஸ்பீக்கர் என்று பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் ஒரு மார்க் போட்டார்கள். அதே ஆட்கள் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டபோது மார்க் மாறியது. கேட்டுக் கேட்டுப் பழகியவர்களும் இதற்குத் தப்பவில்லை. இதைப் பிற்பாடு படித்தபோது பெரிய நிம்மதி. எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்திருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஆராய்ச்சி என் செவிக்குத்தான் சாக்குச் சொல்லும், நாக்குக்குச் சொல்லாது.

ஏனென்றால் சோதனை முடிந்த சில வாரத்திலேயே அந்தத் தம்பி வந்து, "எனக்கும் ஒண்ணு கட்டித் தாங்கண்ணா" என்றான். அப்போது சொல்லியிருக்கலாம். "உன் போனுக்கு இது வேண்டாம்பா, நீ முதல்ல சொன்னதுதான் சரி" என்று ஒரு வரி. சொல்லவில்லை. கட்டிக் கொடுத்தேன். பாகங்கள் 500 ரூபாய்க்குள் அடங்கியது, 1,200 வாங்கினேன். மீதிப் பணம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை, ஆனாலும் நானாகச் சொன்னேன்: "ஒவ்வொண்ணையும் காதால கேட்டு டியூன் பண்ணணும்ல." டியூன் பண்ண அதில் ஒன்றுமே இல்லை. படத்தில் போட்டிருக்கிற மதிப்புக்கு ரெசிஸ்டர் போட வேண்டும், அவ்வளவுதான். பெருக்கத்தையாவது குறைத்துக் கொடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. குறைத்தால் 'மேடை' போய்விடும், அவன் கேட்பான். 10 கிலோ ஓமே போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, அவன் இன்னொரு பையனின் காதில் இயர்போனை வைத்து, "சத்தத்தைக் கேக்காதடா, நடுவுல இருக்கிற அமைதியைக் கேளு" என்று சொல்வது காதில் விழுந்தது. நான் மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டேன்.

இப்போது அவன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு படம் அனுப்புவான்: புது ஆம்ப்ளிஃபயர், புது கேபிள், ஒருமுறை பின்னலிட்ட வெள்ளிக் கம்பி. நான் கட்டைவிரல் போடுவேன். போன மாதம் போன் பண்ணினான். 60,000 ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம், வாங்கலாமா என்றான். "உன் காது என்ன சொல்லுதோ அதை வாங்குப்பா" என்றேன். பதில் மாதிரியும் இருக்கும், என் கையும் நனையாது.

"காதைப் பழக்கினதே நீங்கதானேண்ணா" என்றான். கிண்டலில்லை, நன்றியோடுதான் சொன்னான்.

இந்த இதழ் வந்ததும் முதல் பிரதியை அவனுக்குத்தான் அனுப்ப வேண்டும். கூடவே 700 ரூபாய். அதை அவன் வாங்க மாட்டான், சிரித்துவிட்டு விட்டுவிடுவான். அந்த 60,000 ரூபாய்ச் சாமானை இதற்குள் வாங்கிவிட்டானா என்பதைக் கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.