மரப்பெட்டிக்குள் ஒரு வாரம்

கிளாம்பாக்கத்தில் இரவு ஏறிய பேருந்து விடியும்போது பொள்ளாச்சியில் இறக்கிவிட்டது. தாம்பரம், குரோம்பேட்டைக் கடைகளில் விற்கும் சாக்லேட் உறையில் கம்பெனிப் பெயர் இருக்கும். கொக்கோ விளைந்த ஊரின் பெயர் இருக்காது. காப்பிக்கொட்டை குடகா ஏற்காடா என்று கேட்டு அரைத்துத் தரச் சொல்பவர்கள்கூட சாக்லேட்டுக்கு அப்படிக் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த வாரம் ஆனைமலைப் பக்கம்.

தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கொக்கோ. அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிறது. தோட்டக்காரர் ஒரு காயைக் கட்டையால் தட்டிப் பிளந்து நீட்டினார். வெள்ளைச் சதை போர்த்திய கொட்டைகள் முப்பது நாற்பது இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது. கொட்டையைக் கடித்தால் கசப்பு, துவர்ப்பு. சாக்லேட் வாசனை துளியும் இல்லை.

"அது பொட்டிக்குள்ளதானுங்க வரும்" என்று கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

மரப்பெட்டியில் கொட்டைகளைக் கொட்டி வாழையிலை போட்டு மூடியிருந்தார்கள். இலையை விலக்கியதும் காடி நெடி மூக்கில் ஏறியது. கையை உள்ளே விட்டேன், நல்ல சூடு. முதலில் ஈஸ்ட், சதையின் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. கிளறிக் காற்று படவிட்டால் பாக்டீரியா அதைக் காடியாக்குகிறது. வெப்பம் 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை செத்து, உள்ளே இருக்கும் புரதம் உடைகிறது. பின்னால் வறுக்கும்போது மணமாவது அதுதான். ஐந்தாறு நாள் இப்படி; அப்புறம் வெயில்.

மடகாஸ்கர் கொட்டையில் பழப் புளிப்பு, எக்வடோர் நாசியோனல் ரகத்தில் பூ மணம் என்பார்கள். ரகமும் மழையும் நிச்சயம் உண்டு. ஆனால் ஒரே தோட்டத்துக் கொட்டையை அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்தால் துவர்க்கும்; நாள் கடந்தால் நாறும். அதற்கு மண் பொறுப்பாகாது.

1798இல் கும்பினியார் குற்றாலத்தில் கொக்கோ நட்டார்கள். ஆனாலும் நம் கொக்கோவுக்கு ஊர்ப் பெயர் ஒட்டவில்லை. பச்சைக் கொட்டையாகவே எடை போட்டு விற்று, பல தோட்டத்துச் சரக்கு ஒன்றாகக் கலந்தால் எந்த ஊர் ருசி தங்கும்? இப்போதுதான் இங்கே சிலர் தாங்களே புளிக்கவைத்து, உறையில் பொள்ளாச்சி என்று அச்சிடுகிறார்கள். அந்தக் கட்டி ஒன்றை வாங்கித் தின்றேன். முதலில் லேசான புளிப்பு, பிறகு வெகுநேரம் நிற்கும் கசப்பு. எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த வாரம் ஆரோவில், வறுக்கும் இடத்துக்கு.