பெரியப்பாவின் முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழியை நம்பி, ஒரு நல்ல மனிதரை நான் மூன்றாண்டுகள் தவறாக எடைபோட்டேன்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துத் தீர்மானிக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு அது. முறை பிசகினால் சச்சரவுதான். அத்தகைய வேளைகளில் எங்கள் ஊரார் பெரியப்பாவைத்தான் அழைப்பார்கள். பேசுகிறவனின் முகத்தை ஒருமுறை பார்ப்பார். அவன் கோபத்தில் பேசுகிறானா, பசியில் பேசுகிறானா என்று கண்டுகொள்வார்.

அறுபதைக் கடந்ததும் அவரது வலக்கை நடுங்கத் தொடங்கியது. வலை பின்ன இயலவில்லை, நடை சுருங்கிற்று. நடுக்குவாதம் என்றார் மருத்துவர். கையின் நடுக்கத்துக்கு இரங்கிய நாங்கள், முகம் இறுகியதை நோயென்று கொள்ளவில்லை. கூட்டத்தில் எதிரே இருப்பவர் முகம் சிவந்த பின்பும் அவர் அறியாதவர்போல் பேசிக்கொண்டே போவார். ‘கிழவருக்குத் திமிர்’ என்றனர் இளைஞர்.

2002இல் என் தாயார் இறந்தார். நான் கதறி அழுதபோது பெரியப்பா கல்லைப்போல் அமர்ந்திருந்தார். கண்ணீர் இல்லை, ஆறுதலாக ஒரு சொல் இல்லை. அன்றுமுதல் அவர் வீட்டுப் படியேறுவதை விட்டேன். ஞாயிறு திருப்பலியிலும் அவர் கண்ணில் படாமல் மறுபக்கம் அமர்ந்தேன்.

2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழா. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாளரத்தில் தோன்றியதைத் தொலைக்காட்சியில் கண்டேன். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து மலர்ந்த முகத்தோடு கையசைத்தவர் அவர். இப்போது நடுக்குவாதம் முகத்தை இறுக்கியிருந்தது. தொண்டையில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் குரலும் எழவில்லை. மௌனமாகச் சிலுவை அடையாளமிட்டு ஆசி தந்தார். ஆறே நாளில், ஏப்ரல் 2ஆம் நாள், இறைவனடி சேர்ந்தார். அந்த முகத்தில் அன்பில்லை என்று நம்மில் எவரும் சொல்லவில்லை. திருத்தந்தைக்குத் தயங்காமல் தந்த நம்பிக்கையை, என் சொந்தப் பெரியப்பாவுக்கு நான் தரவில்லையே என்று நெஞ்சு சுட்டது.

அதன்பின்தான் அந்நோயைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தேன். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்த நோய் அது. மூளையின் அடிப்பகுதியில் டோப்பமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் உடலசைவு தடுமாறுகிறது. முகத் தசைகளும் உணர்ச்சியைக் காட்ட மறுக்கின்றன. அது மட்டுமன்று, எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லையெனினும், பிறர் முகத்தில் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றைப் படிக்கும் திறனும் பலருக்குக் குறைகிறது. வள்ளுவர் இரண்டு அதிகாரங்களுக்குக் ‘குறிப்பறிதல்’ என்று பெயரிட்டார். அந்தக் குறிப்பறியும் ஆற்றலையே இந்நோய் தீண்டுகிறது. உள்ளத்து அன்பு வற்றிவிட்டது என்பதன்று. அது வெளியே வரும் வழியும், பிறருடைய உணர்வு உள்ளே செல்லும் வழியும் அடைபடுகின்றன.

ஒரு மாலை அவரிடம் சென்றேன். “பெரியப்பா, என்மேல வருத்தமா?” என்றேன். விடை வர நெடுநேரமாயிற்று. குரல் மிக மெலிந்திருந்தது.

“உங்கம்மா போன அன்னைக்கு உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டுதான்யா இருந்தேன். மூஞ்சிதான் கூட வரல. உன் மூஞ்சியும் இப்ப எனக்கு முன்னமாதிரி புரியல. கோவமா வந்திருக்கியா, பாசமா வந்திருக்கியா? வாயைத் திறந்து சொல்லுய்யா.”

சொன்னேன். அன்றுமுதல் அவர் மறையும்வரை எங்கள் வீட்டில் எதையும் முகத்திடம் மட்டும் விடவில்லை. மகிழ்ச்சியென்றால் மகிழ்ச்சி என்றும், வருத்தமென்றால் வருத்தம் என்றும் அவர் கையைப் பற்றிச் சொன்னோம். அவர் விடைக்குக் காத்திருக்கவும் பழகினோம்.

ஈசாயின் வீட்டில் சாமுவேல் கற்ற பாடத்தை ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் அசையாத முகம் வேண்டியிருந்தது.