நாற்பதடிப் பெட்டியும் பனியன் கம்பெனிச் சந்தும்

கன்டெய்னருக்குக் கதவு ஒரு முனையில்தான். 40 அடி நீளம், 8 அடி அகலம், மற்ற மூன்று பக்கமும் மடிப்பு மடிப்பான இரும்புத் தகடு. அதனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கடைசிக் கொஞ்ச தூரம் பின்பக்கமாகத்தான் போயாக வேண்டும். 1956-ல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பி இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த மால்கம் மெக்லீன், லாரி ஓட்டிப் பிழைத்து மேலே வந்தவர். கப்பல்காரர்களின் நேரத்தை நன்றாகவே மிச்சப்படுத்திக் கொடுத்தார். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிற நேரத்தை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாகத் திருப்பூர் வருகிற தூரத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் வராமல் இருந்தால் போதும். வேலை தொடங்குவது மெயின் ரோட்டை விட்டு இறங்கி, பனியன் கம்பெனி இருக்கிற சந்துக்குள் மூக்கை நுழைக்கும்போதுதான்.

முன்வண்டியையும் ட்ரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருப்பது டர்ன் டேபிளில் பூட்டிய ஒரே ஒரு கிங் பின். முன்னால் இழுத்தால் பெட்டி தானாக நேராகிவிடும். பின்னால் தள்ளினால் கதையே வேறு. உள்ளங்கையில் குச்சியை நிறுத்தப் பார்க்கிற சிறுவனின் பாடுதான். சாய்வு ஒரு நூலளவு வந்தாலும் அது தானாக வளரும், விட்டால் மடங்கி முன்வண்டியின் முதுகிலேயே இடிக்கும். வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ஒடித்ததை எப்போது திருப்புவது என்பதுதான் வராது. பெட்டி போதுமான அளவு திரும்பிவிட்டது என்று கண்ணாடியில் தெரிந்த பிறகு திருப்பினால் ஏற்கெனவே தாமதம். அது திரும்ப நினைக்கும்போதே முன்வண்டி அதன் பின்னால் போகத் தொடங்கியிருக்க வேண்டும். புதிதாக வருகிற பையன்கள் இருபதடிக்கான குட்டை ட்ரெய்லர் சுலபம் என்று நினைக்கிறார்கள். எனக்கு நாற்பதடிதான் தேவலை. நீளமானது மெதுவாகப் பதில் சொல்லும், யோசிக்க நேரம் கொடுக்கும். குட்டை, ஸ்டியரிங்கைத் தொட்டாலே துள்ளும்.

நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். ஆகவே வால் வலப்பக்கம் திரும்பினால் ஜன்னலில் தலையை நீட்டிக் கடைசிச் சக்கரம் வரை கண்ணால் பார்க்கலாம். இடப்பக்கம் திரும்பினால் கண்ணாடி நிறையப் பெட்டியின் தகடுதான். அதனால் டாக், அதாவது பெட்டியின் வாலை ஒட்டவைத்து லோடு ஏற்றுகிற மேடை, எப்போதும் நம் வலது தோளுக்கு வருகிற மாதிரி வண்டியைக் கொண்டுவர வேண்டும். பெரிய வளாகம் கட்டுகிறவர்கள், வண்டிகள் கட்டடத்தை வலப்பக்கம் வைத்துக் கடிகாரச் சுற்றில் வரும்படி வாசல் வைத்தால் எங்களுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளில் இதை நேரெதிராக வைப்பார்கள். அவர்களுக்கு அது சரி. இங்கே வாசலை எங்கே வைப்பது என்பதை வாஸ்து பார்க்கிறவரிடம் கேட்கிறார்கள், டிரைவரிடம் யாரும் கேட்பதில்லை.

சந்துக்குள் அந்த வசதியெல்லாம் கிடையாது. இருந்தாலும் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றைத்தான்: ரிவர்ஸ் என்பது முன்னால் போகும்போதே முடிந்துவிடுகிற வேலை. கேட்டை ஒட்டியே வண்டியை முன்னே கொண்டுபோய், என் தோள் கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒடித்து, பிறகு நேராக்கி நிறுத்தினால், பெட்டியின் வால் பாதி வழியைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கும். மீதித் திருப்பம் கொஞ்சம்தான். இதை அவசரமாகச் செய்துவிட்டு, பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை முழுக்க முழுக்க ஒடித்துச் சரிக்கட்டப் பார்ப்பவர்களின் பின்சக்கரங்களைப் பாருங்கள். டயர் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்து, சிமெண்டுத் தரையில் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும்.

ரிவர்ஸைத் தொடங்குவதற்கு முன்னால் இறங்கி நடக்க வேண்டும். எதிர்க் காம்பவுண்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் முன்வண்டியின் மூக்கு சுற்றி வர இடம் இருக்கிறதா? ட்ரான்ஸ்பார்மரின் ஸ்டே கம்பி எங்கே ஊன்றியிருக்கிறது? ஒன்பதரை அடி உயரப் பெட்டி ட்ரெய்லர் மேல் உட்கார்ந்தால் தரையிலிருந்து 14 அடியைத் தாண்டும், இ.பி. கம்பி, மாடி வீட்டு சன்ஷேட், கேபிள் டிவிக்காரர் தாழ்வாக இழுத்த ஒயர், எல்லாம் அந்த உயரத்தில்தான் குடியிருக்கின்றன. சாக்கடை மேல் போட்ட சிலாப்பைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். ஏற்றுமதிக்குப் போகிற வண்டி காலிப் பெட்டியோடு உள்ளே போகும், லோடோடு வெளியே வரும். உள்ளே போகும்போது தாங்கிய சிலாப் வெளியே வரும்போது தாங்க வேண்டுமே. டவுனுக்குள் பெரிய வண்டி பெரும்பாலும் ராத்திரியில்தான் வர முடிகிறது என்பதால் இத்தனையும் டார்ச் வெளிச்சத்தில்.

வால் வலப்பக்கம் திரும்பும்போது இடது கண்ணாடியில் எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரியும், பெட்டியின் இடது பின்மூலை எங்கேயோ போய்விடும். அந்த மூலை கிளீனருடையது. நல்ல கிளீனர் அதிகம் பேச மாட்டான். "அண்ணே, வரட்டும்... லேசா இடது ஒடிங்க... நேரா விடுங்க... போதும்ண்ணே." எத்தனை அடி இருக்கிறது என்பதையும் சொல்வான். நான் அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "தம்பி, எங்க நின்னாலும் சரி, உன் மூஞ்சி எனக்குத் தெரியணும்." தெரியவில்லை என்றால் பிரேக்தான். இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. கம்பெனி வாட்ச்மேன் வந்து நிற்பார். அவர் "வா வா வா" என்பார், எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார். டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து நாலு திசையில் கை காட்டுவார்கள். நான் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, "நீங்க சொல்லுங்கண்ணா, மத்தவங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரே மூச்சில் உள்ளே விடுவதை வித்தையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மரியாதை இல்லை. சாய்வு கையை மீறப் போகிறது என்று தெரிந்த உடனே முன்னே இழுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி வருகிறவனிடம்தான் என் வண்டியைத் தருவேன். பின்னால் நாலு பைக் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

டாக் சரிவில் இறங்கிப் போகிற இடங்களில் கூடுதலாக ஒரு தொல்லை. வால் தாழும்போது பெட்டியின் உச்சி பின்னால் சாயும், கீழே டாக்கின் விளிம்பிலுள்ள ரப்பரைத் தொடுவதற்கு முன் மேலே சுவரைத் தொட்டுவிடும். அங்கே தரையைப் பார்த்துக்கொண்டு போனால் ஷட்டர் மேல்பட்டியைக் கழற்றிக்கொண்டு வருவோம்.

கதவு சமாச்சாரம் தனி. டாக்கில் ஒட்டிய பிறகு கதவு திறக்காது. வெளியிலேயே திறந்து, இரண்டையும் முழுக்கச் சுற்றிப் பெட்டியின் பக்கவாட்டில் கொக்கி போட்டுவிட்டுத்தான் பின்னால் வர வேண்டும். யார்டில் கிரேன்காரர் பெட்டியின் கதவை கேபின் பக்கம் பார்த்து வைத்துவிட்டால், சந்துவரை வந்து எவ்வளவு அழகாக ரிவர்ஸ் எடுத்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே முதல் பார்வை துறைமுகத்திலேயே.

டாக்கில் நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை ஆபீஸில் கொடுத்துவிடுவேன். உள்ளே ஆள் ஏறியிருக்கும்போது வண்டி நகரவே கூடாது. அட்டைப்பெட்டிகள் ஏறி முடிந்ததும் கதவை மூட, ஒவ்வொரு கதவும் சுற்றி வர நாலடி இடம் விட்டு வண்டியை முன்னே இழுக்க வேண்டும், அதன் பிறகுதான் சீல். அதற்குள் விடிந்திருந்தால் கேட்டுக்கு எதிரே ஷிப்டுக்கு வந்தவர்களின் பைக்குகள் வரிசையாக நிற்கும். அதனால் லோடு ஏறும்போதே வாட்ச்மேனிடம் சொல்லி, ஒரு கயிறு கட்டி அந்த இடத்தை மறித்து வைத்துவிடுவேன்.