இரு மழைகளின் நாடு

குமரி மாவட்டத்தில் நமக்கு மழைக்காலம் இரண்டு. வைகாசிப் பாதியில் இடவப்பாதி இறங்கும். வேளிமலை முகிலுக்குள் மறைய, நாஞ்சில் வயல்களில் கன்னிப்பூப் பயிர் பச்சை கட்டும். ஆவணியில் ஓணத்துக்கென்று தோவாளைச் சந்தையில் பூக்கள் மலையெனக் குவியும். பின்பு ஐப்பசியில் துலா மழை வந்து கும்பப்பூவை வளர்க்கும். இவ்வளவு பசுமையைத் தமிழகத்தில் வேறெங்கும் காண்பது அரிது என்றே நமக்குத் தோன்றுகிறது. சொந்த மண் மீதுள்ள பற்றாகவும் இருக்கலாம்.

ஆனால் வயல்வரப்பில் நின்று நாம் வியக்கும் மேகத்தைக் கடற்கரை மக்கள் வேறு கண்கொண்டு பார்க்கின்றனர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர், சின்னத்துறை ஊர்களின் ஆண்கள் பலர் திரும்பவே இல்லை. இன்றும் கார்த்திகை வானம் கறுத்தால், கொச்சித் துறைமுகத்தை அடைந்துவிட்டோம் என்று அலைபேசியில் ஒரு குரல் கேட்கும்வரை, அங்குள்ள தாய்மாருக்கு உலை வைக்க மனம் வருவதில்லை.