ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆன சொல் 'ரன்'. ஓடு என்பது அதன் பொருள் என்று தொடக்கப்பள்ளிக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர், இச்சொல்லின் வினை வடிவத்தை மட்டும் ஆராய்ந்து முடிக்க ஒன்பது மாதங்கள் ஆயின. அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. அவ்வகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்னும் சொல் 430 பொருள்களுடன் முன்னின்றது. இயந்திரங்கள் பெருகப் பெருக 'ரன்' அதனை முந்திவிட்டது. ஆலை, தொடர்வண்டி, கணினிநிரல் என மனிதன் எதை இயக்கினாலும் ஆங்கிலேயர் இந்த ஒரு சொல்லையே எடுத்தாண்டனர்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றைத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். "ஐயா, ஆறு வரிக் கடிதத்தில் நான்கு இடத்தில் ஓடுகிறார்கள். யார் ஓடுகிறார்கள், எங்கே ஓடுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை" என்றார். சிரித்துவிட்டேன், ஆயினும் அவருடைய கவலை சிரிப்பதற்குரியதன்று. சாயம் 'ரன்' ஆகக் கூடாது என்றால், நனைத்தால் சாயம் இறங்கக் கூடாது என்பது பொருள். 'டெஸ்ட் ரன்' என்பது மாதிரி உற்பத்தி. 'ஃபுல் ரன்' என்பது முழு உற்பத்தி. நூல் 'ரன் ஷார்ட்' ஆவது நூல் பற்றாக்குறை. மாதிரியைச் சரிபார்க்கும் முன்பே முழு உற்பத்தியைத் தொடங்கிவிட்டால் என்னாகும்? கப்பலேறிய சரக்கு திரும்பி வரும். நட்டம் முதலாளியோடு நிற்பதில்லை. வாரக் கூலியை நம்பியிருக்கும் தையற்காரர் வரை அது வந்து சேரும்.

அகராதியில் முதலில் நிற்கும் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பது நம் மாணவரிடையே பரவலாக உள்ள பழக்கம். ஆங்கிலத்தில் மூக்கும் 'ரன்' ஆகும். தமிழில் அது ஒழுகும். அங்கே காய்ச்சலை 'ரன்' செய்வர். இங்கே காய்ச்சல் அடிக்கும். சர்க்கரை 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துவிட்டது. மட்டையாளர் 'ரன் அவுட்' என்றால் ஆட்டமிழந்தார். கிரிக்கெட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: பந்து எல்லைக்கோட்டைக் கடந்தால், ஓடாமலேயே நான்கு ஓட்டங்கள் கிடைக்கின்றன!

இதனால் தமிழின் 'ஓடு' எளிய சொல் என்று கருதிவிடாதீர்கள். ஒரு சொல் பலபொருளுக்கு உரியதாதலைத் தொல்காப்பியம் உரியியலிலேயே பேசுகிறது. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. இவ்விடங்களில் ஆங்கிலமும் தமிழும் தோளோடு தோள் செல்கின்றன. பிறகு பிரிகின்றன. 'கடை ஓடுகிறது' என்பது தன்வினை. 'கடையை ஓட்டுகிறார்' என்பது பிறவினை. ஓரெழுத்து இரட்டித்ததால் செய்பவர் யார் என்பது நமக்குத் தெளிவாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'ரன்'தான். அடுத்து நிற்கும் சொற்களைப் பார்த்தே தெளிய வேண்டும். என் மாணவர் இடறியதும் இங்கேதான். 'இன்டு' சேர்ந்தால் எதிர்பாராத சந்திப்பு. 'ஓவர்' சேர்ந்தால் வண்டியேற்றுதல். சிறு சொல்தானே என்று தாண்டிப் போனால் நண்பரைச் சந்தித்த செய்தி விபத்துச் செய்தியாகிவிடும்.

வகுப்பில் இதனைத் திருப்பியும் கேட்பதுண்டு. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்கிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்பேன். கடந்த ஆண்டு ஒரு மாணவி நெடுநேரம் எழுதுகோலைக் கையில் வைத்திருந்துவிட்டு, "ஐயா, அந்த 645இல் இது இல்லையா?" என்று கேட்டார்.