என் பெயரையே எழுதினேன்

எழுபத்து மூன்று வயது அப்பாவை விமானத்தின் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நான் முன்னால் போய்க் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன். வேறு எதைச் சொல்லி இதைக் கடைசிக்குத் தள்ளினாலும் அது பொய்க்குச் சமம். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

சிகாகோவில் மென்பொருள் ஆலோசகர் வேலை. திங்கட்கிழமை விடியுமுன் வாடிக்கையாளர் ஊருக்குப் பறக்க வேண்டும். வியாழன் இரவு திரும்ப வேண்டும். இந்தப் பிழைப்பில் மைல் சேர்க்காதவர்கள் கிடையாது. பறந்த தூரத்துக்கு மைல் தரும் இந்தத் திட்டத்தை 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் இறங்கியது. சேர்ந்த மைலைக் கொடுத்து ஓசி டிக்கெட் வாங்கலாம். எனக்கு அது சில்லறை விஷயம். நான் துரத்தியது ஆயுள் கணக்கை. அந்த மைலைச் செலவழிக்க முடியாது, அது ஏறிக்கொண்டே போகும். பத்து லட்சத்தைத் தொட்டால் சாகும்வரை கோல்ட் தகுதி. வரிசையில் முன்னால் ஏறலாம், வெளிநாடு போகும்போது லவுஞ்சில் உட்காரலாம், பெட்டிக்குக் காசில்லை. இவ்வளவுதான். இதற்காகத்தான்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் விதியை எழுதி வைத்திருந்தார்கள், அதன்படி நடந்தார்கள். குற்றம் முழுக்க என்னுடையது.

அந்த விதிகள் எனக்கு மனப்பாடம். கூட்டாளிக் கம்பெனியின் விமானத்தில் போனால் செலவழிக்கிற மைல் வரும், ஆயுள் கணக்கில் ஒன்றும் ஏறாது. டிக்கெட்டில் நம் கம்பெனி பெயர் இருந்தால் போதாது. ஓட்டுகிற விமானமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். தூரம் என்பது இரண்டு ஊர்களுக்கு இடையே வரைபடக் கணக்கில் வருகிற தூரம். விமானம் மேகத்துக்குப் பயந்து ஒரு மணி நேரம் சுற்றினாலும் ஒரு மைல் கூடுதலாகத் தரமாட்டார்கள். எக்செல்லில் தேதி, விமான எண், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், தூரம் என்று பத்தி பிரித்து வைத்திருந்தேன். கம்பெனி காட்டும் எண்ணும் என் எண்ணும் ஒத்துவருகிறதா என்று ஞாயிறு இரவு உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு பயணம் விட்டுப்போயிருந்தால் பழைய போர்டிங் பாஸைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்புவேன். மனைவி கதவருகில் நின்று, "இன்னும் முடியலையா?" என்பாள். அந்த ஞாயிறுகளை அவளிடமிருந்துதான் எடுத்தேன்.

நேர் விமானம் இருக்கும்போதே சுற்றுவழியில் போயிருக்கிறேன். பணம் வாடிக்கையாளருடையது. அவரைக் கேட்கவில்லை. 2011 டிசம்பருக்கு முன்பு அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கிரெடிட் கார்டில் கிடைக்கும் மைல்கூட ஆயுள் கணக்கில் சேரும். மளிகை வாங்கியே மில்லியனைத் தொட்டவர்கள் உண்டு. அவர்களை நான் இளக்காரமாகப் பேசியிருக்கிறேன். பறந்து சேர்த்தவன் என்கிற திமிர். டாம் ஸ்டுக்கர் என்கிற நியூ ஜெர்சிக்காரர் 1990இல் 2,90,000 டாலர் கொடுத்து யுனைடெட்டின் வாழ்நாள் பாஸ் வாங்கியவர். 2011இல் ஒரு கோடி மைலைத் தாண்டினார், அதற்கப்புறம் இன்னொரு கோடியும். அவர் படத்தைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை.

இந்த ஆயுள் தகுதி எவ்வளவு கெட்டி என்பதும் எனக்குத் தெரியாததல்ல. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மின்னசோட்டாவைச் சேர்ந்த கின்ஸ்பர்க் என்ற யூத மதகுருவை, அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்று 2008இல் உயர்நிலை உறுப்பினர் திட்டத்திலிருந்து நீக்கியது. அவர் வழக்குப் போட்டார். விமான நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்ற அவருடைய வாதம் விமானக் கட்டுப்பாட்டை நீக்கிய 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நிற்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. படித்தேன். அடுத்த வாரமும் எக்செல்லைத் திறந்தேன்.

அப்பாவும் அம்மாவும் எங்களோடு ஆறு மாதம் இருந்துவிட்டுக் கும்பகோணம் திரும்ப வேண்டியிருந்தது. நான் கூடப் போய் விட்டுவருவதாக ஏற்பாடு. வளைகுடா வழியாகப் போனால் ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும், பெட்டி நேரே சென்னைக்கு வந்துவிடும். டிக்கெட்டும் மலிவு. ஆனால் அதில் என் ஆயுள் கணக்கில் ஒரு மைல்கூட ஏறாது. டெல்லி வழி என்றால் ஏறக்குறைய 7,500 மைல் ஏறும். அப்பாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். டெல்லியில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி கொடுத்து, உள்நாட்டு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தேதான் டெல்லியைப் போட்டேன். "நேர் விமானம்ப்பா, நடுவுல இறங்க வேண்டாம்" என்று அவரிடம் சொன்னேன். டெல்லி வரைக்கும் அது உண்மை.

மேல்வகுப்பு இருக்கைக்கு மாறிக்கொள்ள என்னிடம் ஒரு அப்கிரேட் சான்று இருந்தது. அதிகம் பறப்பவர்களுக்குக் கம்பெனி தருவது. கூடப் பயணம் செய்யும் யார் பெயருக்கும் எழுதலாம். கணினியில் மூன்று பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. என் பெயருக்கு நேராக அமுக்கினேன். அப்பாவுக்கு அங்கே பழக்கமிருக்காது, அம்மா தனியாக உட்கார வேண்டியிருக்கும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோன்றியது.

ஏறுவதற்குச் சற்றுமுன் இடம் உறுதியானது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் புதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அம்மாவிடம், "முன்னாடி சீட் குடுக்கறாங்கம்மா" என்றேன். ஏதோ அவர்களாகவே பார்த்துத் தந்ததுபோல. அம்மா, "நீ போய்ப் படுப்பா. வாரம் பூரா அலையுற. நாங்க என்ன சின்னப் பிள்ளைகளா?" என்றாள். இரண்டாவது தடவை கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பின்னால் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டு வண்டி வெளியே வருவதைப் பார்த்து அப்பா இன்சுலினைப் போட்டுக்கொண்டுவிட்டார். அவர்கள் கடைசி வரிசைகளில் ஒன்றில். வண்டி வந்து சேரத் தாமதமானது. அவருக்கு வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பிஸ்கட் இருந்த பை தலைக்கு மேலே. அம்மாவுக்கு அது எட்டாது. ஆளைக் கூப்பிட ஒரு பித்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினாள், அணைந்தது. எந்தப் பித்தான் என்று நான் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் எழுந்து கத்தி ஆளைக் கூப்பிட்டார், தன் மகளுக்காக வைத்திருந்த ஜூஸை அப்பா வாயில் ஊற்றினார். துணைக்கு யார் என்று பணிப்பெண் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். அம்மா முன்பக்கம் கையைக் காட்டியிருக்கிறாள். கழிவறை அந்தப் பக்கமா என்று கேட்பதாகப் பணிப்பெண் நினைத்துக்கொண்டாளாம்.

விமானத்தில் மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். தெளிவாக விழுந்தது. யாருக்கோ என்னமோ, நான் டாக்டர் இல்லையே என்று நினைத்தேன். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பின்னால் என்னுடையவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஓரமாக வந்தது. எழுந்து போனால் தூக்கம் கெடும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. இரண்டாவது ஜெயித்தது.

காலைச் சிற்றுண்டி முடிந்த பிறகுதான் பின்னால் போனேன். அப்பா சட்டை மாற்றியிருந்தார். ஜூஸ் கொட்டிய சட்டையை அம்மா பிளாஸ்டிக் பையில் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். அப்பா என்னைப் பார்த்ததும், "சாப்பாடெல்லாம் நல்லா இருந்துதாப்பா?" என்று கேட்டார்.

நல்லா இருந்தது என்றேன்.

டெல்லியில் சக்கர நாற்காலிக்கு நின்றோம், பெட்டிக்கு நின்றோம், அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்தே இருந்தோம். அப்பாவின் கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. ஊருக்குப் போனபின், "இனிமே அமெரிக்கா வேண்டாம்டா, உடம்பு தாங்காது" என்றார். அவ்வளவு பேச்சுதான். மறு வருடம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு மனைவி தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். நான் திங்கள் முதல் வியாழன் வரை வழக்கம்போல ஊரில் இல்லை. அப்பா பேத்தியை முதலில் பார்த்தது போன் திரையில்.

மில்லியன் வந்தது. டென்வருக்குப் போகும் விமானத்தில், வந்ததே தெரியாமல். சில வாரம் கழித்து ஒரு அட்டையும் வாழ்த்துக் கடிதமும் வந்தன. அட்டை பர்ஸில் இருக்கிறது. தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எறியவில்லை. போன மாதம்கூட அதைக் காட்டி வரிசையில் முன்னால் ஏறினேன். இரண்டு மில்லியனுக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் பார்க்காமலே சொல்வேன்.

அம்மா இன்றைக்கும் கல்யாண வீடுகளில், "எம் பையனை பேர் சொல்லிக் கூப்பிட்டு முன்னாடி சீட் குடுத்தாங்க" என்று பெருமையாகச் சொல்கிறாள். பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்து தலையாட்டுகிறார். அந்தச் சீட்டை அப்பா பெயருக்கு எழுதியிருக்க முடியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அம்மா பத்திரிகை படிப்பவள். இது அச்சாவதற்குள் போன் போட்டு நானே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நேற்றும் பேசினேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.